ஹெஸ்கெத் தோற்ற பக்கம்

நெட் ஸ்ப்ரிங்கரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மத்தியானம்தான் அவருடைய மகள் க்வெண்டாவுக்கு அந்தக் கோபம் வந்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கல்லறையில் நின்றபோது துக்கம்தான் இருந்தது. கோபம், மதுக்கடையின் பின்னறையில், சாண்ட்விச் தட்டைக் கையில் ஏந்தி நின்றபோது வந்தது.

1957 மார்ச் மாதம். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடையில் நெட்டோடு கப்பல்களில் நிலக்கரி அள்ளியவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். சோமாலிக்காரர்கள் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் பீர். மூன்றாவது கோப்பையில் இருந்த ஆஸி ட்ராட், செத்தவரைப் பற்றிப் பிரியமாகப் பேச ஆரம்பித்தார்.

"பாவம்யா நெட்டு. தங்கமான மனுஷன். ஆனா கடைசி வரைக்கும் குத்துச்சண்டையில சாம்பியன் வில்ஃப் ஹெஸ்கெத்தை நான் அடிச்சேன், நான் அடிச்சேன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டான். ஹெஸ்கெத் எங்க, இவன் எங்க? மண்டையில வாங்குன அடி, வேற என்னத்தச் சொல்ல?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. பைத்தியக்காரத் தம்பியைப் பற்றிப் பேசும்போது வீட்டார் சிரிப்பார்களே, அந்த மாதிரி. அதுதான் க்வெண்டாவைச் சுட்டது.

"ஆஸி மாமா, எங்கப்பா பொய் சொன்னாருங்கறீங்களா?"

"பொய்யின்னு நான் எங்கம்மா சொன்னேன்? அவன் நெஜமாவே நம்பிட்டான். அதத்தான் சொல்றேன். ஹெஸ்கெத் எந்த வேல்ஸ்காரன்கிட்டயும் தோத்ததில்லன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கே."

"எந்தப் புஸ்தகத்துல?"

"எந்தப் புஸ்தகம்னா... எல்லாப் புஸ்தகத்துலயுந்தான். ஏம்மா, இன்னிக்குப் போய் இதயெல்லாம் கெளறிக்கிட்டு?"

க்வெண்டா தட்டை அவர் முன்னால் வைத்தாள். அது வைத்த சத்தமா எறிந்த சத்தமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டு சாண்ட்விச்கள் ஆஸியின் மடியில் விழுந்தன.

அந்தச் சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போய், பழைய புத்தகக் கடையில், லெஸ்லி கார்ட்வெல் என்ற பத்திரிகைக்காரர் எழுதிய வில்ஃப் ஹெஸ்கெத்தின் வாழ்க்கை வரலாற்றை வாங்கினாள். பச்சைத் துணி அட்டை, முதுகில் தண்ணீர்க் கறை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஆஸி சொன்ன வரி இருந்தது: வேல்ஸ் நாட்டு வீரர் எவரிடமும் ஹெஸ்கெத் தோற்றதே இல்லை. கடைசிப் பக்கங்களில் இருந்த பெயர்ப் பட்டியலில் 'ஸ்'ஸில் தொடங்கும் பெயர்களை மூன்று முறை பார்த்தாள். அவளுடைய அப்பா இல்லை.

அப்பா சொன்னது இதுதான். 1934 ஜனவரி, பான்டிப்ரித் ஊரில் ஒரு மண்டபம், வெளியே பனி. இங்கிலாந்தின் விகன் ஊரிலிருந்து வந்த ஹெஸ்கெத்துக்கு இருபத்துமூன்று வயது, அடுத்த சாம்பியன் அவன்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. பத்து ரவுண்டு. நான்காவது ரவுண்டில் நெட்டின் இடது கை அவன் விலாவில் இறங்கி எலும்பை உடைத்தது. அதற்குப் பிறகு ஹெஸ்கெத் ஓடினான், நெட் துரத்தினார். நடுவர் நெட்டின் கையைத் தூக்கினார். திரும்பிவர பஸ் இல்லாமல் பாதி வழி பனியில் நடந்து வந்தார்கள். இதைக் க்வெண்டாவின் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அவளும்தான் நடந்தாள்.

ஆனால் நெட்டுக்குப் பட்டம் கிடையாது. தாயும் தகப்பனும் வெள்ளையராக இருந்தால்தான் பிரிட்டன் பட்டத்துக்கு மோதலாம் என்று அப்போது சட்டம். நெட் கார்டிஃபில் பிறந்தவர், தாய் வேல்ஸ்காரி. ஆனால் தகப்பன் பார்படோஸ் தீவிலிருந்து வந்த கப்பல்காரர். அது போதும், கதவைச் சாத்த. ஹெஸ்கெத் 1936-இல் சாம்பியன் ஆனான். நெட் நிலக்கரி அள்ளினார். அந்தச் சட்டத்தை எடுத்தபோது நெட்டுக்கு நாற்பதுக்கு ஒன்று குறைவு, ஒரு கண் பாதி போயிருந்தது.

அவர் ஒட்டிவைத்திருந்த செய்தித்தாள் துண்டுகள் 1941 குண்டுவீச்சில் வீட்டோடு எரிந்துபோயின. க்வெண்டா நகர நூலகத்துக்குப் போய் அந்த வாரத்துச் செய்தித்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: ஹெஸ்கெத், உள்ளூர்க்காரர் ஒருவருடன் பயிற்சிக்காக மேடையேறி ரசிகர்களை மகிழ்வித்தார்.

"பயிற்சிக்காக." க்வெண்டா அதை வாய்விட்டே படித்தாள். நூலகர் விரலை உதட்டில் வைத்தார். "விலா ஒடஞ்சது பயிற்சியில ஒடஞ்சதா?" என்று அவரையே கேட்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு புத்தகம் பொய் சொன்னால் இன்னொரு புத்தகம் உண்மை சொல்லாதா என்று தேடப் போனவள், திரும்பி வரவே இல்லை. சாம்பியன்களின் வரலாறுகள், நடுவர்களின் நினைவுக் குறிப்புகள், திருவிழாக் கூடாரங்களில் சண்டை நடத்தியவர்களின் கதைகள், பயிற்சிக் கையேடுகள், வருடந்தோறும் வெளிவரும் சண்டை முடிவுத் தொகுப்புகள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு, சாயங்காலம் பழைய புத்தக வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவாள். கல்யாணத்துக்கு முந்திய பெயரில், 'ஜி. ஸ்ப்ரிங்கர்' என்று மட்டும் கையெழுத்துப் போடுவாள். 'அன்புள்ள ஐயா' என்று பதில் வரும். அவள் திருத்தவில்லை. ஐயாவுக்கு நல்ல புத்தகங்களாக அனுப்பினார்கள்.

ஒருமுறை பிரிஸ்டலிலிருந்து ஒரு வியாபாரி, பெரிய வாடிக்கையாளரை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தொப்பியும் பெட்டியுமாக வந்துவிட்டார்.

"ஐயா இல்லையாம்மா வீட்ல?"

"எந்த ஐயா?"

"ஜி. ஸ்ப்ரிங்கர் ஐயா."

"நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் நிறத்தைப் பார்த்தார், சலவைக்கூடத்து ஏப்ரனைப் பார்த்தார். "பொம்பளைக்கு எதுக்கும்மா குத்துச்சண்டைப் புஸ்தகம்?"

"குத்தறதுக்கு," என்றாள் க்வெண்டா.

அவள் புருஷன் இத்ரிஸ் பியூ, இழுவைப் படகின் கொதிகலனில் நெருப்புத் தள்ளுகிறவன். கோபமே வராத ஆள். கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து பலகை கொண்டுவந்து அவளுக்கு அலமாரி அடித்துக் கொடுத்தான். அலமாரி நிறைந்ததும் புத்தகங்கள் படிக்கட்டில் ஏறின, படுக்கையறைக்குள் நுழைந்தன.

"க்வென், நேத்து என் பக்கத்துல யாரோ ஒரு ஹெவிவெயிட் படுத்திருந்தான். திரும்பிப் படுத்தா முதுகுல குத்தறான்."

"தள்ளி வெச்சிட்டுத் தூங்கு."

"தள்ளலாந்தான். ஆனா அவன் அப்பாவ யாராவது ஏமாத்தியிருந்தா? என் மேல பாஞ்சிருவானே."

அவளுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் அடுத்த நிமிடமே கையிலிருக்கும் புத்தகத்தில் ஏதாவது ஒரு வரி கண்ணில் பட்டுவிடும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தார்கள். கார்ட்வெல் எழுதியதை ஒருவர் எடுத்துப்போட்டார், அவரை இன்னொருவர். 'பயிற்சிக்காக' என்ற சொல் ஒரு புத்தகத்தில் 'விளையாட்டாக' ஆயிற்று, இன்னொன்றில் அந்தச் சண்டையே இல்லை. 1936-ஆம் ஆண்டுத் தொகுப்பு கிடைத்தது. ஹெஸ்கெத்தின் சண்டைப் பட்டியல் ஒரு கொலுசு மாதிரி கோத்துப் போட்டிருந்தது. ஜனவரி 1934 என்ற இடத்தில் மட்டும் கண்ணி விட்டிருந்தது. யாரோ கையால் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

கார்ட்வெல்லுக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. 'குடும்பக் கதைகள் சுவையானவை. ஆனால் வரலாற்றாசிரியனுக்கு அச்சிட்ட ஆதாரம் தேவை.' அந்த அட்டையை அவள் கிழிக்கவில்லை. அவருடைய புத்தகத்தின் எண்பத்தெட்டாம் பக்கத்திலேயே செருகிவைத்தாள்.

அறுபதுகளின் நடுவில் அவர்கள் தெருவையே இடித்தார்கள். துறைமுகத்து ஜனங்களை அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். இத்ரிஸும் க்வெண்டாவும் ஒன்பதாவது மாடிக்குப் போனார்கள். குடியேறிய அன்று மின்தூக்கி ஓடவில்லை. டீத்தூள் வந்த மரப்பெட்டிகளில் அடைத்த நானூற்றுச் சொச்சம் புத்தகங்களை இத்ரிஸும் அவன் படகுக்காரர்கள் இரண்டு பேரும் தோளில் சுமந்து ஏற்றினார்கள். ஆறாவது மாடியில் இத்ரிஸ் உட்கார்ந்துவிட்டான்.

"இவனுங்கல்லாம் எடை பாக்கறதுக்கு முன்னாடி பட்டினி கெடப்பானுங்களாமே? இன்னிக்கும் கெடந்திருக்கலாம்."

க்வெண்டா அவன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

அந்த மாடியில்தான், ஒரு வயதான நடுவரின் நினைவுக் குறிப்பை அவள் இரண்டாம் முறை படித்தாள். முதல் முறை கண்ணில் படாத ஒரு வாக்கியம் இந்த முறை பட்டது. லீட்ஸ் நகரத்தில் ஒரு அச்சகக்காரர், பத்திரிகைகளை நம்பாமல், சண்டை முடிவுகளை நடுவர்களிடமே நேராகக் கடிதம் போட்டு வாங்கி, 1935-இல் ஒரே ஒரு வருடம் ஒரு சிறு கையேடு போட்டாராம். சில நூறு பிரதிகள்தான். விற்கவில்லை, விட்டுவிட்டார்.

நடுவர்களிடமே வாங்கினார். க்வெண்டா எழுந்து நின்றுவிட்டாள். நெட்டின் கையைத் தூக்கியவர் ஒரு நடுவர்தானே?

அந்த நாளிலிருந்து அவளுடைய எல்லாக் கடிதங்களிலும் முதல் வரி அதுவாகத்தான் இருந்தது: லீட்ஸ் கையேடு, 1935, எந்த நிலையில் இருந்தாலும் சரி. வியாபாரிகள் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஒருவர், அப்படி ஒரு புத்தகமே கிடையாது, அந்த நடுவர் குடிகாரர் என்று எழுதினார். இன்னொருவர் வேறொரு கையேட்டை அனுப்பி, இதுவும் அதே மாதிரிதான் என்றார். 'அதே மாதிரி வேண்டாம், அதுவே வேண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். ஐந்து வருடம் இப்படி ஓடியது.

1970 அக்டோபரில் யார்க் நகரத்து வியாபாரியின் பட்டியல் தபாலில் வந்தது. தட்டச்சு செய்து சுருட்டிய நான்கு தாள். மூன்றாம் தாளின் அடியில், கூடைப்பந்து விதிப் புத்தகத்துக்கும் நாய்ப் பந்தயப் புத்தகத்துக்கும் நடுவே கிடந்தது: குத்துச்சண்டைக் கையேடு, லீட்ஸ், 1935, அட்டை இல்லை, சில பக்கங்கள் மடிந்துள்ளன. கடிதம் போனால் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று தந்தி கொடுத்தாள்.

பார்சல் வந்த அன்று வேலைக்குப் போகும் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த இத்ரிஸ், சமையலறையில் 'டம்' என்று சத்தம் கேட்டு ஓடிவந்தான். க்வெண்டா மேசையைக் குத்தியிருந்தாள். டீ கொட்டியிருந்தது. புத்தகம் மட்டும் அவளுடைய மற்றொரு கையில், உயரத்தில், பத்திரமாக இருந்தது.

"என்னாச்சு? இல்லையா அதுல?"

"இருக்கு."

"இருக்கா? அப்புறம் என்ன?"

"இருக்கு, இத்ரிஸ். இருபத்திரெண்டு ஜனவரி, பான்டிப்ரித். கார்டிஃப் நெட் ஸ்ப்ரிங்கர், விகன் வில்ஃப் ஹெஸ்கெத்தைப் பத்து ரவுண்டு ஆடிப் புள்ளியில ஜெயிச்சார். முப்பத்தஞ்சு வருஷமா இது இருந்திருக்கு. அட்டை கூட இல்லாம, எவனோ ஒருத்தன் வீட்டுப் பரண்ல கெடந்திருக்கு. எங்கப்பா அதுக்குள்ள பைத்தியக்காரன்னு பேர் வாங்கிச் செத்தே போயிட்டாரு."

சந்தோஷம் வரும் என்று அவளும் நினைத்திருந்தாள். வந்தது இதுதான்.

முதலில் ஆஸி ட்ராட்டிடம் போனாள். அவர் இப்போது முட்டி வலியோடு வீட்டில் கணப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தை விரித்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அட, ஆமா. ஜெயிச்சிருக்கானே பய." கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா, ஜெயிச்சான். அவன் போய்ப் பதிமூணு வருஷமாச்சு. இனிமே இத வெச்சு யாருக்கு என்ன ஆகப்போவுது?"

"நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்களே மாமா. அப்ப மட்டும் என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஆஸி பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்காமல் வந்துவிட்டாள்.

லீட்ஸ் கையேடு கார்டிஃபில் ஒரு 'ஜி. ஸ்ப்ரிங்கர்' கையில் சிக்கியிருக்கிறது என்ற சேதி யார்க் வியாபாரி வழியாகப் பரவியது. மறு வசந்தத்தில் லெஸ்லி கார்ட்வெல்லே ஒன்பது மாடி ஏறி வந்தார். வெள்ளி முடி, கழுத்தில் டை, கையில் நல்ல தோல் பை. சாம்பியன்கள் பற்றிய பெரிய தொகுதியைத் திருத்தி மறுபதிப்புப் போடப்போகிறாராம். அலமாரிகளைப் பார்த்ததும் நிஜமாகவே வாயைப் பிளந்தார். தன்னிடம் இல்லாதவை எத்தனை என்று அவர் விரல் முதுகுகளின் மேல் ஓடியது.

"அற்புதம்மா. சத்தியமா அற்புதம். இவ்ளோவும் உங்க வீட்டுக்காரரோட சேகரிப்பா?"

இத்ரிஸ் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தான். "நான் சுமக்கறவன் மட்டுந்தாங்க," என்றான்.

"சரி சரி, மன்னிக்கணும். அந்த லீட்ஸ் கையேட்ட ஒரு தரம் பாக்கலாமா? குடுக்கற எண்ணம் இருந்தா, நல்ல விலைக்கே எடுத்துக்கறேன்."

"பாக்கலாம். ஆனா மொதல்ல இத வாசிங்க, சத்தமா." க்வெண்டா அவருடைய பச்சைப் புத்தகத்தை எடுத்து, தபால் அட்டை செருகியிருந்த இடத்தில் திறந்து கொடுத்தாள்.

கார்ட்வெல் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் படித்தார். எவரிடமும் ஹெஸ்கெத் தோற்றதே இல்லை. பிறகு அவள் கையேட்டின் பக்கத்தைக் காட்டினாள். அதையும் படித்தார்.

"இதக் கேள்விப்பட்டிருக்கீங்கதானே?" என்றாள்.

"ஏதோ ஒரு வதந்தி... ஹெஸ்கெத்துக்கு அன்னிக்குக் காய்ச்சல்னு அவரோட மேனேஜர் எங்கிட்ட சொன்னாரு."

"ஓ. அப்ப பத்திரிகைல பயிற்சின்னு போட்டீங்க. ஐம்பத்திரெண்டுல வந்த உங்க பெரிய தொகுதியில அந்தச் சண்டையே இல்ல. இப்ப காய்ச்சலா? மூணு காரணம் சொல்றீங்களே ஐயா, மூணுல எது நெஜம்?"

"இங்க பாருங்கம்மா. அந்தக் காலம் அப்படி. உங்கப்பா பட்டத்துக்கு மோத முடியாது. அவர்கிட்ட தோத்தவன்னு தெரிஞ்சா சாம்பியன் மேல ஜனங்களுக்கு ஒரு இது வந்துரும். மேனேஜர் கேட்டுக்கிட்டார். எல்லாரும் விட்டுட்டோம். கெட்ட எண்ணத்துல செய்யல."

"நல்ல எண்ணத்துலதான் எங்கப்பாவப் பொய்யனாக்குனீங்களா?"

"இத மறுபதிப்புல சேக்கலாம். நான் மாட்டேங்கல." கார்ட்வெல் பையை மூடினார். "கையேட்ட எனக்குக் குடுத்தா, அத ஆதாரமா வெச்சு..."

"எங்கப்பாவ எங்கிட்டயே விக்கறீங்களா?"

"அப்படி இல்லம்மா! ஒரே ஒரு அச்சுல ஒரு வரி. அச்சுப் பிழையாக்கூட இருக்கலாமில்ல? ஹெஸ்கெத்தே ஒத்துக்கிட்டா வேற விஷயம். ஆனா அவருக்கு வயசாயிருச்சு, பாவம். போய் யாரு கேப்பாங்க?"

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. க்வெண்டா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "மின்தூக்கி இன்னிக்கும் ஓடல. பாத்து எறங்குங்க."

இரண்டு வாரம் கழித்து விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். பையில் கையேடும் பச்சைப் புத்தகமும். இத்ரிஸ் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். வழியெல்லாம் ஹெஸ்கெத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் வார்த்தைகள் தடித்துக்கொண்டே வந்தன.

விகனில் வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தது ஹெஸ்கெத்தின் மகள் மேவிஸ். கிட்டத்தட்ட க்வெண்டாவின் வயதுதான். கையெல்லாம் மாவு.

"அப்பாவப் பாக்கணுமா? கையெழுத்து வாங்க வந்தீங்களா?"

"ஆமா," என்றாள் க்வெண்டா. "கார்டிஃப்லேர்ந்து வரேன். நெட் ஸ்ப்ரிங்கர் மக."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு? என்ன பேரு சொன்னாங்க?"

வில்ஃப் ஹெஸ்கெத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டையான மூக்கு, நடுங்கும் வலது கை. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. க்வெண்டாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தத் தாடை அப்படியே இருக்கு," என்றார். "உக்காரும்மா. உங்கப்பா இருக்காரா?"

"இல்ல. ஐம்பத்தேழுல போயிட்டாரு."

"அப்படியா?" அவர் கை தானாக வலது விலாவைத் தொட்டது. "இது இன்னும் மழைக்கு வலிக்கும். நாலாவது ரவுண்டு. அந்த எடது கை எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மேவிஸ் மாவுக் கையோடு வாசற்படியில் நின்றாள். "எந்த ரவுண்டுப்பா? கார் கதவு இடிச்சதுன்னுல்ல சொல்வீங்க?"

ஹெஸ்கெத் மகளைப் பார்க்கவில்லை. க்வெண்டா மனப்பாடம் செய்து வந்ததில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது, சொல் இல்லாமல். பச்சைப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "எண்பத்தெட்டாம் பக்கம்."

அவர் படித்தார்.

"இது பொய்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"மறுநாள் காலைல மேனேஜர் வந்தாரு. நேத்து நடந்தது சண்டையில்ல, பயிற்சி, எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கலாம். ஆனா எனக்கு வசதியா இருந்துச்சும்மா. அதுதான் நெஜம். உங்கப்பா பட்டத்துக்கு வர முடிஞ்சிருந்தா, நான் சாம்பியன் ஆயிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்."

"எங்க ஊர்ல அவர மண்டை கலங்குனவன்னு சொன்னாங்க. பாடையெடுத்த அன்னிக்கே சொன்னாங்க. நீங்க ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா போதும். ஒரே ஒரு வரி!"

மேவிஸ், "அம்மா, அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு, கொஞ்சம் மெதுவா..." என்றாள்.

"எனக்குந்தான் கொதிக்குது," என்றாள் க்வெண்டா.

"விடு மேவிஸ், அவங்க சொல்லட்டும்," என்றார் ஹெஸ்கெத். "பேனா இருக்கா?"

க்வெண்டா எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தில் யாராவது கிறுக்கினால் அவளுக்கு உயிர் போகும். பென்சில் கோடு போட்ட புத்தகத்தையே திருப்பி அனுப்புகிறவள். ஆனால் இப்போது பேசாமல் நின்றாள். ஹெஸ்கெத் நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் ஏறுக்கு மாறாக எழுதினார்: 'இது பொய். பான்டிப்ரித்தில் நெட் ஸ்ப்ரிங்கர் என்னை நியாயமாக ஜெயித்தார். டபிள்யூ. ஹெஸ்கெத்.' தேதியும் போட்டார்.

எழுதிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ எதிர்பார்த்தார். அவளுக்கு அது புரிந்தது.

"இத இருபது வருஷம் முன்னாடி எழுதியிருந்தா, எங்கப்பா படிச்சிருப்பாரு," என்றாள். புத்தகத்தை மூடாமல், மை காயட்டும் என்று விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேவிஸ் தான் சுட்ட ஆப்பிள் பணியாரத்தில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வாசல்வரை ஓடிவந்து, அவள் பைக்குள் போட்டாள். க்வெண்டா அதைத் தடுக்கவில்லை. ரயிலில் தின்றுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் எரிச்சலாக வந்தது.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து கார்ட்வெல்லுக்கு அனுப்பினாள். இனி அவரால் தட்டிக்கழிக்க முடியாது. 1973-இல் பெரிய தொகுதியின் மறுபதிப்பு வந்தது. இத்ரிஸ்தான் தபாலில் வந்ததைப் பிரித்தான், இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைக் கண்டுபிடித்தான், அவன் முகம் மாறியது.

"க்வென், நீ மொதல்ல உக்காரு."

"ஏன், போடலையா?"

"போட்டிருக்கான். ஆனா நீ உக்காரு."

'1934 ஜனவரியில் கார்டிஃப் வீரர் நெட் ஸ்பென்சரிடம் ஹெஸ்கெத் புள்ளிகளில் தோற்றார்' என்று இருந்தது.

ஸ்பென்சர்.

அந்த வாரம் சலவைக்கூடத்தில் அவள் பக்கம் யாரும் போகவில்லை. கார்ட்வெல்லுக்கு அவள் எழுதிய கடிதத்தை இத்ரிஸ் படித்துப் பார்த்து, இரண்டு சொற்களை எடுத்துவிடச் சொன்னான். ஒன்றைத்தான் எடுத்தாள். வருந்துகிறேன், அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு வரவே இல்லை. அவள் கடைக்காரர்களுக்கும் நூலகங்களுக்கும் நூற்றுப்பத்துக் கடிதம் எழுதினாள், பக்கத்தையும் வரியையும் குறித்து. முப்பத்தேழு பேர் பேனாவால் திருத்திவிட்டதாகப் பதில் போட்டார்கள். பதில் போடாதவர்களில் கார்டிஃப் சுற்றுவட்டாரத்து நூலகங்களுக்கு அவளே பஸ் ஏறிப் போனாள். ஒரு நூலகத்தில் அவளே பேனாவை எடுத்ததைப் பார்த்துக் காவலாளியைக் கூப்பிட்டார்கள். காவலாளி வருவதற்குள் திருத்தி முடித்துவிட்டாள்.

அந்தச் சம்பவத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு இளம் நிருபர், சிரிப்புத் துணுக்கு போல, ஒரு சிறு செய்தி போட்டாள். அடுக்குமாடியில் அறுநூறு குத்துச்சண்டைப் புத்தகங்களோடு வாழும் கோபக்காரப் பெண்மணி என்று தலைப்பு. "இப்போது கோபம் தணிந்ததா?" என்று கேட்டதற்கு, "ஏன் தணியணும்?" என்று க்வெண்டா சொன்னதையும் போட்டிருந்தாள்.

அதைப் படித்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நியூபோர்ட்டிலிருந்து ஒரு பஸ் நடத்துநர், அவருடைய பெரியப்பா கூடாரங்களில் சண்டை போட்டவராம். பிறகு சௌத் ஷீல்ட்ஸிலிருந்து ஒரு ஏமன்காரக் குடும்பம். லண்டனிலிருந்து ஒரு நர்ஸ், அவள் தாத்தா நைஜீரியாவிலிருந்து வந்தவர். எல்லாருடைய கதையும் ஒன்றுதான்: எங்க வீட்டு ஆள் இன்னாரை அடிச்சார்னு சொல்வாங்க, எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. க்வெண்டா யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. ஒவ்வொரு பெயரும் இல்லாமல் போயிருப்பதைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவள் குரல்தான் ஏறியது. சில பெயர்கள் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றுக்காக இன்னும் புத்தகங்கள் வாங்கினாள்.

1984-இல், இத்ரிஸ் ஓய்வுபெற்று வீட்டிலிருந்த வருடம், லிவர்பூலிலிருந்து ஒரு நடுத்தர வயதுக்காரர் மீன் வறுவல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் தட்டினார். அப்பாவைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். கூச்சப்பட்டு, ஒருவேளை அப்பா சும்மா சொன்னதாகக்கூட இருக்கலாம் என்று ஆரம்பித்தார்.

"சும்மா சொன்னாருன்னு நீங்களே சொல்லாதீங்க," என்றாள் க்வெண்டா. "அதச் சொல்ல வெளியில நெறைய பேர் இருக்கான். மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க. எண்ணெய்க் கையோட என் புஸ்தகத்தத் தொட்டீங்கன்னா தெரியும்."

அவர் கழுவிவிட்டு வந்தார். இத்ரிஸ் அவருக்கு நாற்காலி போட்டான். க்வெண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரி முன்னால் நின்றாள்.

"ம், சொல்லுங்க. எந்த வருஷம்? எந்த ஊரு? யார அடிச்சாரு?"